ஆதியாகமம் 24: பெண் கேட்கப் போன ஊழியக்காரனுக்கு எவ்வளவு அதிகாரம்?

1 | திம்னாவழி

ஆபிரகாம் தன் மகன் ஈசாக்குக்குப் பெண் கேட்க ஊழியக்காரனைத் தன் இனத்தாரிடம் அனுப்பும் ஆதியாகமம் 24-ஐ வசனம் வசனமாகப் பிரித்துப் பார்த்தால் இரண்டு இடம் இடிக்கிறது.

22-ம் வசனத்தில், துரவடியில் சந்தித்த ரெபெக்காள் வார்த்த தண்ணீரை ஒட்டகங்கள் குடித்து முடித்ததும் ஊழியக்காரன் அவளுக்காக நகையை எடுக்கிறான். "நீ யாருடைய மகள்" என்று கேட்பது 23-ல். ஆனால் பெண் வீட்டில் உட்கார்ந்து நடந்ததைச் சொல்லும்போது (47) முதலில் கேட்டேன், பிறகு நகை போட்டேன் என்கிறான். எது சரி?

அடுத்தது, 51-ல் அவள் அண்ணன் லாபானும் தகப்பன் பெத்துவேலும் "இதோ ரெபெக்காள், கூட்டிக்கொண்டு போ" என்று சொல்லிவிடுகிறார்கள். மறுநாள் 57-ல் பெண்ணைக் கூப்பிட்டு அவள் வாயால் கேட்கலாம் என்கிறார்கள். முடிந்த பேச்சை ஏன் மறுபடி திறக்க வேண்டும்?

ஆள் அனுப்பிப் பெண் கேட்பது அந்தக் காலத்துப் பொது வழக்கமா, இல்லை இந்த ஒரு குடும்பத்துக்கு மட்டும் வந்த அவசியமா என்றும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அந்த ஊழியக்காரன் எலியேசர் செய்தது தரகர் வேலை என்று எடுத்துக்கொள்ளலாமா?

2 | பழஞ்சுவடி

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். 24-ம் அதிகாரத்தின் 67 வசனங்களில் எங்கும் அவன் பெயர் இல்லை. "வீட்டு ஊழியக்காரரில் மூத்தவன், எல்லாவற்றுக்கும் அதிகாரி" என்பதோடு சரி. எலியேசர் என்ற பெயர் 15:2-லிருந்து வாசகர்கள் கொண்டுவந்து ஒட்டியது. பொருத்தமான ஊகம்தான், வசனம் அப்படிச் சொல்லவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தரகர் என்பதும் பொருந்தாது. தரகர் இரண்டு வீட்டுக்கும் பொது, முடித்துக் கொடுத்தால் கூலி. இவன் ஒரு பக்கத்து ஆள். எஜமானின் வாயாகப் போகிறான், அதுவும் எல்லை போட்ட அதிகாரத்தோடு. அந்த எல்லையைப் பாருங்கள்:

கானானியப் பெண் கூடாது (3). என் தேசம், என் இனத்தாரிடம் போ (4). என் மகனை அங்கே திரும்பக் கொண்டுபோகாதே. இது மட்டும் இரண்டு தடவை (6, 8). பெண் வர மனதில்லை என்றால் ஆணையிலிருந்து நீ விடுதலை (8).

நான்காவது நிபந்தனை ஆபிரகாம் தானாகச் சொன்னதல்ல. ஊழியக்காரன் 5-ல் கேட்ட பிறகுதான் வருகிறது. தொடைக்கீழ் கைவைத்து ஆணையிடுமுன், "பெண் வரமாட்டேன் என்றால் உங்கள் மகனை அங்கே அழைத்துப் போகட்டுமா" என்று கேட்டுவிடுகிறான். காரியம் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று புறப்படுமுன்பே கேட்டு வாங்கிக்கொள்கிறவன்தான் தூது போகத் தகுந்தவன். இந்த அதிகாரத்தில் எனக்குப் பிடித்த வசனம் அது. தொடைக்கீழ் கை வைக்கும் ஆணை 47:29-லும் வருகிறது. ஈசாக்கின் மகன் யாக்கோபு தன் அடக்கத்துக்காகத் தன் மகன் யோசேப்பிடம் வாங்குவது. இரண்டும் ஆணை வாங்குகிறவர் இல்லாதபோது நிறைவேற வேண்டிய காரியங்கள்.

3 | நெகேவ்

22-ம் வசன நகைக்கு வருவோம். மூக்கு வளையம் அரைச் சேக்கல், இரண்டு கடகங்கள் பத்துச் சேக்கல் பொன். யூதாவில் கிடைத்த எடைக்கற்களின்படி சேக்கல் ஏறத்தாழ 11.4 கிராம். வளையம் 5.7 கிராம், கடகங்கள் இரண்டும் சேர்த்து 114 கிராம் வரும். நம் கணக்கில் வளையம் முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் குறைவு, கடகம் 14 பவுன் சொச்சம். (அந்த எடைக்கற்கள் கி.மு. 8-7 நூற்றாண்டைச் சேர்ந்தவை. கதை நடக்கும் காலத்துக்கு அதே எடையை அப்படியே போடக்கூடாது, ஒரு மட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.)

இது பரிசம் அல்ல. பரிசம் பெண்ணின் தகப்பனுக்கோ தகப்பன் இடத்தில் நிற்பவருக்கோ போவது. இங்கே நகை பெண்ணின் கைக்கே போகிறது, வீட்டாரிடம் பேச்சே தொடங்கவில்லை. பரிசம் போல ஏதாவது உண்டென்றால் 53-ல்தான்: வெள்ளி, பொன் உடைமைகளும் வஸ்திரங்களும் ரெபெக்காளுக்கு; விலையுயர்ந்த பொருள்கள் "அவள் சகோதரனுக்கும் தாய்க்கும்". தொகை சொல்லவில்லை. வாங்கினவர் பட்டியலில் தகப்பனும் இல்லை.

22-க்கும் 47-க்கும் உள்ள வித்தியாசத்தை 11-ம் நூற்றாண்டு உரையாசிரியர் ராஷி நேராகவே சொல்லிவிட்டார்: நடந்தது 22-ல் உள்ளபடிதான், வீட்டாரிடம் சொல்லும்போது வரிசையை மாற்றினான். "யாரென்றே தெரியாமல் எங்கள் பெண்ணுக்கு எப்படி நகை போட்டாய்" என்று பிடித்துக்கொள்வார்களே!

4 | பழஞ்சுவடி

நெகேவ் சொன்னதோடு இதையும் சேருங்கள். மாறியது நகை வரிசை மட்டுமில்லை. அவன் பேச்சை (34-49) மூலக் கட்டளையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தூதுக் கலையே தெரியும்.

ஆபிரகாம் சொன்னது "என் தேசம், என் இனம்". அவன் 38-ல் சொல்வது "என் தகப்பன் வீடு, என் வம்சம்". பொதுவாகச் சொன்னதை எதிரே உட்கார்ந்திருக்கும் வீட்டுக்கென்றே சொன்னதுபோலச் சுருக்குகிறான்.

"மகனை அங்கே கொண்டுபோகாதே" என்பதை அடியோடு விட்டுவிடுகிறான். உங்கள் ஊருக்கு மாப்பிள்ளை வரவே கூடாது என்று எஜமான் இரண்டு தடவை சொன்னார் என்று பெண் வீட்டில் போய் யார் சொல்வார்கள்?

8-ல் ஆணையிலிருந்து விடுதலை பெண் மறுத்தால். 41-ல் அவன் சொல்வது, வீட்டார் கொடுக்காவிட்டால் விடுதலை என்று. மறுக்கும் உரிமையைப் பெண்ணின் கையிலிருந்து எடுத்து, எதிரே இருப்பவர்கள் கையில் வைக்கிறான். அவர்களுக்கு அது மரியாதை. ஆனால் மூல நிபந்தனை அவனுக்கு மறக்கவில்லை, 57-58-ல் அது திரும்பி வருகிறது.

36-ம் வசனமும் சும்மா இல்லை. சாராள் முதிர்வயதில் பெற்ற மகன், எஜமான் தமக்குண்டான யாவையும் அவனுக்குக் கொடுத்தார். ஆபிரகாமின் சகோதரன் நாகோரின் பேத்திக்கு ஆபிரகாமின் மகனா, வயசு ஒத்துவருமா என்ற கேள்விக்கு ஒரு வாக்கியத்தில் பதில். ஆபிரகாமுக்கு ஆகாரிடம் பிறந்த மகன் இஸ்மவேல் இருக்கிறானே, சொத்து யாருக்கு என்ற கேள்விக்கும் அதே வாக்கியத்தில் பதில். சாப்பாடு வைத்தபோது "காரியத்தைச் சொல்லுமுன் சாப்பிடமாட்டேன்" (33) என்றதும் இதே கணக்குதான். உப்பைத் தின்றபிறகு பேரம் பேசினால் விருந்தாளியின் வாய் கட்டுப்படும்.

5 | அத்திமரநிழல்

எல்லோரும் அவனை மெச்சுகிறீர்கள். யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூது மெச்சவில்லை. அதன் தானித் பகுதி, பக்கம் 4அ: தகாத முறையில் கேட்டவர்கள் மூன்று பேர், ஆபிரகாமின் ஊழியக்காரன், சவுல், யெப்தா. "எனக்கும் ஒட்டகங்களுக்கும் தண்ணீர் கொடுக்கிறவளே அவள்" என்று அடையாளம் வைத்தானே, முடவியோ குருடியோ வந்து கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பான் என்பது அவர்கள் கேள்வி. அவனுக்கு ரெபெக்காள் வாய்த்தாள். வாசலில் எதிரே வருவதைப் பலியிடுவேன் என்று நேர்ந்த யெப்தாவுக்கு எதிரே வந்தது சொந்த மகள்.

என் பங்குக்கு அவனுக்காக ஒன்று சொல்கிறேன்: அந்த அடையாளம் சீட்டுக் குலுக்கல் இல்லை, நல்ல பரீட்சை. 10 ஒட்டகம். தாகித்த ஒட்டகம் ஒரே நிற்பில் 100 லிட்டருக்கு மேல் குடிக்கும். வழியில் தண்ணீர் கிடைத்துக்கொண்டு வந்தது, தலைக்கு 50 லிட்டர் போதும் என்று வைத்தாலும் 500 லிட்டர். தோளில் தூக்கும் குடம் 15 லிட்டர் என்று வையுங்கள், முப்பது தடவைக்கு மேல் போய்வர வேண்டும். 16-ம் வசனப்படி துரவில் இறங்கி ஏற வேண்டும். 20-ல் தொட்டியில் ஊற்றிவிட்டு ஓடுகிறாள். சாயங்கால வேளை. கூட வந்த ஆட்களும் நிற்கிறார்கள் (32-ல் அவர்களுக்கும் கால் கழுவத் தண்ணீர் கொடுக்கிறார்கள்), ஒருவரும் கை கொடுத்ததாக இல்லை. யாராவது ஒரு பெண் வாய்மரியாதைக்கு "ஒட்டகத்துக்கும் வார்க்கிறேன்" என்று சொல்லிவிடலாம், அதை முடிக்கிறாளா என்பதுதான் விஷயம். அதனால்தான் 21-ல் அவன் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறான், 22-ல் "குடித்துத் தீர்ந்தபின்" நகையை எடுக்கிறான். அதற்கு முன் எடுத்திருந்தால் பரீட்சைக்கு அர்த்தமில்லை.

6 | கல்தச்சன்

ஒட்டகமே சிக்கல். அரபா பள்ளத்தாக்குச் செப்பு வேலைத் தலங்களில் கிடைத்த எலும்புகளை வைத்து, வளர்ப்பு ஒட்டகம் அந்தப் பக்கம் பரவலாக வந்தது கி.மு. 10-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் என்று டெல் அவிவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆக 24-ம் அதிகாரம் காட்டும் பெண் கேட்கும் முறை எந்தக் காலத்துக்குரியது என்பதையும் யோசிக்க வேண்டும். எழுதினவர் தம் காலத்து நாகரிகத்தையே முற்பிதாக்களுக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

7 | நெகேவ்

அதற்குத் தனி இழை இருக்கிறது சகோ, அங்கே வாருங்கள். இங்கே கேள்வி முறையைப் பற்றி. பத்தாம் நூற்றாண்டு முறை என்றே வைத்துக்கொண்டாலும் முறை முறைதான்.

8 | கேசரியா

திம்னாவழி கேட்ட 51 / 57 விஷயம். இரண்டும் வெவ்வேறு கேள்விக்குப் பதில். 51-ல் வீட்டார் பெண்ணைக் கொடுக்கச் சம்மதிக்கிறார்கள். அதோடு அது முடிந்தது, அதனால்தான் 52-ல் அவன் தரையில் விழுந்து பணிகிறான், 53-ல் பொருள் கை மாறுகிறது, 54-ல் சாப்பாடு. மறுநாள் காலை எழுந்த தகராறு எப்போது அனுப்புவது என்பது. அண்ணனும் தாயும் "நாட்களாவது, பத்தாவது" இருக்கட்டும் என்கிறார்கள் (55). அவன் தாமதிக்கச் செய்யாதிருங்கள் என்கிறான். இரு தரப்பும் இறங்கவில்லை, அப்போதுதான் பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். நேர்வாசிப்பில் 57-ம் வசனம் கேட்பது பயணத் தேதியைப் பற்றி.

யூத வேத அறிஞர்களான ரபிகள் இங்கே இரண்டு சட்டம் எடுத்தார்கள். ஒன்று, பெண்ணின் சம்மதமில்லாமல் கட்டிக்கொடுக்கக் கூடாது என்று அவர்களின் ஆதியாகம விளக்கநூலான ஆதியாகம ரப்பா இந்த வசனத்திலிருந்து எடுக்கிறது, அங்கே அது தகப்பனில்லாப் பெண்ணைப் பற்றியது. மற்றது அவகாசம். தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா, அதன் கெத்துபோத் பகுதி 5:2-ன்படி, மாப்பிள்ளை "அனுப்புங்கள்" என்று கேட்ட நாளிலிருந்து கன்னிக்கு 12 மாதம், விதவைக்கு 30 நாள், தன்னை ஆயத்தம் செய்துகொள்ள. தல்மூதின் கெத்துபோத் பகுதி 57ஆ பக்கத்தில் இதற்கு ஆதாரமாகக் காட்டுவது லாபான் வீட்டார் கேட்ட அந்த அவகாசத்தையே: "நாட்கள்" என்றால் ஒரு வருஷம், "பத்து" என்றால் பத்து மாதம். ஆக அவர்கள் கேட்டது அடாவடியே இல்லை. வழக்கமான அவகாசத்தைக் கேட்டார்கள், அவன் அதைத் தள்ளிவிட்டான்.

தகப்பன் பெயர் 50-க்குப் பிறகு காணாமல் போவதற்கு மித்ராஷ் (ரபிகளின் வேத விளக்கம்) ஒரு கதை சொல்லும், அன்றிரவே பெத்துவேல் செத்தான் என்று. அது தேவையே இல்லை. சகோதரர் சபையில் உட்கார்ந்து பேசுவது அந்த உலகத்தில் சாதாரணம். யாக்கோபின் மகள் தீனாளைப் பெண் கேட்டபோது பதில் சொன்னது யாக்கோபின் குமாரர் (34:13). உன்னதப்பாட்டு 8:8-ல் "நம் தங்கையைக் கேட்கும் நாளில் என்ன செய்வோம்" என்று யோசிப்பது சகோதரர்கள். லாபான் முன்னால் நிற்பதில் ஆச்சரியமில்லை. நகையைப் பார்த்தபிறகு ஓடிவந்தான் என்று 30-ம் வசனம் சொல்வது வேறு விஷயம்.

9 | அத்திமரநிழல்

30-ம் வசனத்தை எழுதினவர் சிரித்துக்கொண்டேதான் எழுதியிருப்பார். 29-ம் அதிகாரத்தில் அதே லாபான் யாக்கோபிடம் ஓடி வரும்போது ஒட்டகமும் இல்லை, மூட்டையும் இல்லை.

10 | பழஞ்சுவடி

அங்கேதான் "பொது வழக்கமா" என்ற கேள்விக்குப் பதில் இருக்கிறது. ஒரே குடும்பம், ஒரே ஊர், அடுத்தடுத்த தலைமுறை. ஈசாக்குக்கு ஆள் போனான், யாக்கோபு தானே போனான்.

யாக்கோபிடம் பரிசம் இல்லை, அதனால் உழைப்பைப் பரிசமாக வைத்தான்: லாபானின் இளைய மகள் ராகேலுக்காக 7 வருஷம் (29:18). ஆனால் பேச்சு இரண்டு பேருக்குள். கூட வந்தவன் இல்லை, "இளையவளைத்தானே கேட்டோம்" என்று எழுந்து நின்று சொல்ல மூன்றாம் ஆள் இல்லை. லாபானின் பதிலையும் பாருங்கள் (29:19): அந்நியனுக்குக் கொடுப்பதிலும் உனக்குக் கொடுப்பது நல்லது, என்னிடத்தில் இரு. ராகேல் பெயரும் இல்லை, தேதியும் இல்லை. 7 வருஷம் முடிந்து இவன் கேட்க வேண்டியிருக்கிறது, வந்தது மூத்தவள் லேயாள். தானே போய்ப் பேசினால் என்ன கெடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

மற்றபடி வழக்கம் ஆளுக்கு ஆள் மாறும். தகப்பன் முன்னின்று எடுப்பது (38:6, யூதா தன் மகன் ஏருக்கு). தகப்பன் இல்லாத இடத்தில் தாய் (21:21, ஆகார் எகிப்திலிருந்து எடுத்தாள்). சிம்சோன் தகப்பன் தாயிடம் "அவளை எனக்குக் கொள்ள வேண்டும்" என்கிறான், ஆனால் நியாயாதிபதிகள் 14:7-ல் தானே போய் அவளோடு பேசிவிடுகிறான். ஆள் அனுப்புவது பெரும்பாலும் மூன்று சூழ்நிலையில்: தூரம் (எப்ரோனிலிருந்து ஆரான் நேர்க்கோட்டிலேயே 700 கி.மீ. அளவு), கேட்கிறவனின் அந்தஸ்து, அல்லது மறுப்பு வந்தால் முகத்துக்கு நேராக வரக்கூடாது என்ற எச்சரிக்கை.

11 | நெகேவ்

அந்தஸ்துக்கு உதாரணம் நாபாலின் விதவை அபிகாயில் (1 சாமுவேல் 25:39-42). தாவீது ஊழியக்காரரை கர்மேலுக்கு அனுப்புகிறான். அவர்கள் சொன்னது ஒரே வாக்கியம்: தாவீது உன்னை விவாகம்பண்ண மனதாயிருக்கிறான், எங்களை அனுப்பினான். பரிசம் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சகோதரன் இல்லை, தகப்பன் இல்லை. விதவை தானே பதில் சொல்கிறாள். தரைமட்டும் குனிந்து, என் ஆண்டவனுடைய ஊழியக்காரரின் கால்களைக் கழுவும் பணிவிடைக்காரி நான் என்கிறாள். தூதனுக்குச் செய்யும் மரியாதை அனுப்பினவனுக்குச் செய்வதுதான். பிறகு கழுதை, 5 தாதிப்பெண்கள், தூதர் பின்னால் பயணம். ஊழியக்காரன் ரெபெக்காளைக் கூட்டிப்போன அதே வரிசை, நான்கு வசனத்தில்.

அதே அதிகாரத்தின் முற்பகுதியில் தாவீது நாபாலிடம் 10 வாலிபரை அனுப்பி உணவு கேட்டதும், அவன் அவர்களைச் சீறி அனுப்பியதும் இருக்கிறது. ஒரே வீட்டுக்கு இரண்டு முறை தூதர். முதலில் வந்தவர்களுக்கு அவமானம், அடுத்து வந்தவர்களுக்குப் பணிவு. இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் 41-ம் வசனத்துப் பணிவின் எடை தெரியும்.

12 | கேசரியா

பெண் பக்கத்திலிருந்து தூது வருவதும் உண்டு, 1 சாமுவேல் 18. சவுல் ராஜாவின் மகள் மீகாள் தாவீதை நேசித்தாள், சவுலுக்குச் செய்தி போயிற்று. சவுல் நேரில் சொல்வதோடு நிற்கவில்லை, ஊழியக்காரரை விட்டு "இரகசியமாய்" பேச வைக்கிறான் (22). ராஜா உன்மேல் பிரியமாயிருக்கிறார், எல்லோரும் உன்னைச் சிநேகிக்கிறார்கள், மருமகனாகு. தாவீது நேரடியாக ஆம், இல்லை சொல்லவில்லை. ராஜாவுக்கு மருமகனாவது அற்பக் காரியமா, நான் எளியவன் என்கிறான் (23). அதாவது பரிசம் எவ்வளவு என்று கேட்கிறான், கேட்காத மாதிரி. ஊழியக்காரர் போய்ச் சொல்கிறார்கள், சவுல் தொகை அனுப்புகிறான்: பரிசம் வேண்டாம், பெலிஸ்தரின் 100 நுனித்தோல்கள். காலக்கெடுவும் இருந்திருக்கிறது, "நாட்கள் நிறைவேறுமுன்" என்று 26-ல் வருவதால்.

சவுல் ஏன் ஆள் வைத்தான்? முந்தைய வசனங்களில் மூத்த மகள் மேராபைத் தருவதாக அவன் வாயாலேயே சொன்னான் (17), நேரம் வந்தபோது மேகோலாத்தியனான ஆதரியேலுக்குக் கொடுத்துவிட்டான் (19). அவன் வார்த்தைக்கு மதிப்பில்லை. ஊழியக்காரர் வாயால் வந்தால் ஊர்ப்பேச்சு போல நம்பத் தோன்றும்.

கொடுமை பின்னால் வருகிறது. 2 சாமுவேல் 3-ல் தாவீது சவுலின் மகன் இஸ்போசேத்திடம் தூதர் அனுப்பி அதே மீகாளைக் கேட்கிறான். பெண் கேட்பதல்ல அது, கொடுத்த பரிசத்தைச் சொல்லி உரிமை கேட்பது. அவள் புருஷன் பல்த்தியேல் பகூரிம் வரை அழுதுகொண்டு பின்னால் போனான். மீகாளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

13 | கல்தச்சன்

தோற்றுப்போன தூதுகளையும் போடுங்கள், அங்கேதான் விதி தெரியும்.

ஏமோர் தன் மகன் சீகேமுக்காக யாக்கோபிடம் பேச வருகிறான் (ஆதி 34). வந்தது தகப்பன், முறை சரி. "பரிசமும் வெகுமதியும் எவ்வளவானாலும் கேளுங்கள்" என்று மகனும் சொல்கிறான். ஆனால் தீனாள் அப்போதே அவர்கள் வீட்டில் இருக்கிறாள், 26-ம் வசனம் வரும்வரை அது தெரிவதில்லை. பெண்ணை வைத்துக்கொண்டு பெண் கேட்டால் அது பேச்சுவார்த்தையா? யாத்திராகமம் 22:16-17 இதற்காகவே எழுதியதுபோல இருக்கும்: நியமிக்கப்படாத (நிச்சயமாகாத) கன்னியோடு சேர்ந்தவன் பரிசம் கொடுத்து மணக்க வேண்டும், தகப்பன் மறுத்தாலும் கன்னிகைகளின் பரிசத்தொகை கட்ட வேண்டும். தொகை அங்கே இல்லை. உபாகமம் 22:29 தகப்பனுக்கு 50 வெள்ளி என்கிறது, ஆனால் அது பலவந்தம் செய்தவனுக்கு விதித்தது. அதை எல்லாக் கலியாணத்துக்கும் பொதுவான பரிசம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள், வசனத்தில் அப்படி இல்லை. கி.மு. 5-ம் நூற்றாண்டில் எகிப்தின் எலெபந்தினேயில் இருந்த யூதர்களின் அரமேயப் பாப்பிரஸ் ஒன்றில் மிப்தாகியா என்ற பெண்ணுக்காக மாப்பிள்ளை எஸ்கோர் கொடுத்த பரிசம் 5 சேக்கல். "உன் வீட்டுக்கு வந்தேன், உன் மகளைக் கேட்டேன்" என்று மாப்பிள்ளை பேசுவதாகவே எழுதியிருக்கிறது, நடுவில் ஆள் இல்லை.

அடுத்தது சாலொமோன் ராஜாவின் அண்ணன் அதோனியா (1 இராஜாக்கள் 2). செத்துப்போன தாவீதுக்குப் பணிவிடை செய்த அபிஷாகைக் கேட்டுத் தரும்படி சாலொமோனின் தாய் பத்சேபாளிடம் போகிறான், "ராஜா உமக்கு மறுக்கமாட்டார்" என்று. தூதராக அவளைவிடப் பெரிய ஆள் ஊரில் இல்லை: சாலொமோன் எழுந்து வணங்கி வலதுபக்கம் ஆசனம் போடுகிறான். ஆனால் கேட்ட பொருள் தவறு. செத்த ராஜாவின் பெண்ணை எடுப்பது சிங்காசனத்தைக் கேட்பதற்குச் சமம். சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாளைப் பற்றி அப்னேரோடு வந்த சண்டையும், அப்சலோம் தகப்பனின் மறுமனையாட்டிகளிடம் போனதும் அதைத்தான் காட்டும். "ராஜ்யத்தையும் கேளும்" என்கிறான் சாலொமோன், அன்றைக்கே அதோனியாவைக் கொல்லப் பெனாயா வந்துவிடுகிறான். பத்சேபாள் "சின்ன விண்ணப்பம்" என்று சொன்னது அப்பாவித்தனமா, தெரிந்தே கொண்டுபோய் வைத்தாளா? தெரிந்தேதான் என்பது என் கட்சி.

இன்னொன்று உவமையில் வரும் தூது. 2 இராஜாக்கள் 14:9, லீபனோனின் முட்செடி கேதுருவுக்கு ஆள் அனுப்பி "உன் மகளை என் மகனுக்குக் கொடு" என்கிறது. மிருகம் வந்து முட்செடியை மிதித்துப்போடுகிறது. இஸ்ரவேல் ராஜா யோவாஸ் இதை யூதா ராஜா அமத்சியாவுக்குச் சொன்னது யுத்த மிரட்டலுக்குப் பதிலாக. ஆள் அனுப்பிப் பெண் கேட்பதும், தகுதி தெரியாமல் கேட்டால் அவமானம் என்பதும் கேட்கிறவர்களுக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்குத் தெரிந்திருந்ததால்தான் அந்த உவமை வேலை செய்கிறது.

14 | திம்னாவழி

நன்றி, நிறைய இருக்கிறது. ஒன்று மட்டும்: 2 சாமுவேல் 11:4-ல் தாவீது பத்சேபாளுக்கு ஆள் அனுப்புவதும் இந்த வரிசையில் வருமா? இன்னொன்று, தூதன் ஏமாற்றினால்? பெண்ணைத் தனக்கே முடித்துக்கொண்டால்?

15 | நெகேவ்

11:4 வராது. கேட்கவே இல்லை, அழைப்பித்தான். 27-ல் துக்கநாள் சென்றபின் அனுப்பி வீட்டில் சேர்த்துக்கொண்டதும் அப்படித்தான், அவள் பதில் எங்கும் இல்லை.

16 | கேசரியா

ஏமாற்றும் தூதன் விஷயத்துக்கு மிஷ்னா கித்துஷீன் நேராக வழி சொல்கிறது. கி.பி. 200 வாக்கில் தொகுத்தது, ஆக வேதத்தின் காலத்து விதி என்று பின்னால் இழுக்காதீர்கள்.

2:1: ஆண் தானாகவோ தன் ஆள் மூலமாகவோ பெண்ணை நியமிக்கலாம் (நிச்சயித்துக்கொள்ளலாம்). பெண்ணும் தானாகவோ தன் ஆள் மூலமாகவோ ஏற்கலாம். ஆள் பெண் பக்கமும் உண்டு என்பதைக் கவனியுங்கள்.

2:4: "இன்ன ஊரில் போய் இன்னாளை எனக்கு நியமி" என்று அனுப்பினான், ஆள் அவளை வேறு ஊரில் நியமித்தான் என்றால் செல்லாது. "அவள் இன்ன ஊரில் இருக்கிறாள்" என்று சொல்லியிருந்து வேறு ஊரில் நியமித்தால் செல்லும். முதலாவதில் ஊர் நிபந்தனை, இரண்டாவதில் அடையாளம் மட்டும். ஆபிரகாம் "என் இனத்தாரிடம் போ" என்றதை இந்தக் கண்ணாடியில் பார்த்தால் அது நிபந்தனை.

3:1: "எனக்காக இன்னாளை நியமி" என்று அனுப்பினான், போனவன் தனக்கே நியமித்துக்கொண்டான். அவள் இரண்டாமவனுக்கே நியமிக்கப்பட்டவள். அனுப்பினவனுக்குப் பரிகாரம் இல்லை! ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆதியாகம ரப்பா இந்தச் சந்தேகத்தை 24-க்கே கொண்டுபோகும். ஊழியக்காரனுக்கு ஒரு மகள் இருந்தாள், ஈசாக்குக்கு அவளையே கட்டிவைக்கப் பார்த்தான் என்று. "ஒருவேளை பெண் வராமற்போனால்" என்று அவன் கேட்டதில் ரபிகள் அந்த ஆசையைப் படித்தார்கள். பழஞ்சுவடி மெச்சின அதே வசனம்.

தல்மூதின் கித்துஷீன் பகுதி 41அ இன்னொன்றும் சொல்கிறது: பெண்ணைப் பார்க்காமல் நியமிக்கக் கூடாது, பிற்பாடு வெறுக்கத்தக்கதைக் கண்டு அருவருக்கலாம் என்பதால். ஆள் அனுப்பலாம் என்று மிஷ்னா சொல்வதைத் தொட்டுத்தான் அந்தப் பேச்சு வருகிறது; அனுமதி உண்டு, தானே போவது நல்லது. அந்த அளவுகோலில் ஈசாக்கு தேறமாட்டான்.

17 | கல்தச்சன்

அதைவிடப் பழைய எழுத்து வேண்டுமென்றால் பாபிலோன் ராஜா ஹம்முராபியின் சட்டங்கள், கி.மு. 18-ம் நூற்றாண்டு. 159: பரிசம் கொண்டுவந்தவன் வேறு பெண்ணைப் பார்த்துவிட்டு "உன் மகள் வேண்டாம்" என்றால் கொண்டுவந்ததெல்லாம் பெண்ணின் தகப்பனுக்கு. 160: தகப்பன் "தரமாட்டேன்" என்றால் இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். 161: மாப்பிள்ளையின் தோழன் கோள்சொல்லி, தகப்பன் பின்வாங்கினால் இரட்டிப்பும் கொடுக்க வேண்டும், அந்தத் தோழன் அவளை மணக்கவும் கூடாது. மிஷ்னா 3:1-ல் துரோகிக்குப் பெண் கிடைக்கிறாள், பாபிலோனில் கிடைப்பதில்லை. சிம்சோன் கதையில் திம்னாத்து மாமனார் பெண்ணைத் தோழனுக்குக் கொடுத்துவிட்டு (நியாயாதிபதிகள் 15:2) நிம்மதியாக இருந்ததை 161 தெரிந்தவர்கள் படித்தால் திடுக்கிடுவார்கள். ஆனால் அங்கே கோள் எதுவும் இல்லை, "நீ அவளை வெறுத்தாய் என்று நினைத்தேன்" என்பதுதான் மாமனாரின் வாதம்.

அரசர் மட்டத்தில் அமர்னா கடிதம் 31-ஐயும் (எகிப்தில் கிடைத்த களிமண் பலகைக் கடிதங்களில் ஒன்று) பாருங்கள். பார்வோன் மூன்றாம் அமென்கோத்தேப் அர்சாவா நாட்டு ராஜாவுக்கு எழுதியது. என் தூதன் இர்ஷப்பாவை அனுப்புகிறேன், பெண்ணை அவன் பார்க்கட்டும், தலையில் எண்ணெய் வார்ப்பான் என்று. தூதனின் கையாலேயே நிச்சயம் நடக்கிறது. ஆதி 24-ல் மூக்கு வளையமும் கடகமும் போட்ட கை ஞாபகம் வருகிறதா?

18 | நெகேவ்

எண்ணெயை நகையோடு சேர்க்காதீர்கள். எண்ணெய் வார்க்கும்போது எந்த வீட்டுப் பெண் என்று இரு தரப்புக்கும் தெரியும். 22-ல் அவனுக்கே தெரியாது. சேர்ப்பதானால் 53-ஓடு சேருங்கள்.

19 | கல்தச்சன்

சரி, 53.

20 | பழஞ்சுவடி

ஒரு திருத்தம், யாரும் கேட்கவில்லை என்றாலும்: மீகாளுக்குச் சவுல் கேட்டது 100, தாவீது கொண்டுவந்தது எபிரெயப் பிரதியில் 200 (18:27). கிரேக்க மொழிபெயர்ப்பில் 100. 2 சாமுவேல் 3:14-ல் தாவீதே தூதர் மூலம் சொல்லி அனுப்பும் எண்ணும் 100தான். பிரசங்கத்தில் 200 என்று முழங்குகிறவர்கள் அந்த வசனத்தையும் ஒரு தடவை திருப்பிப் பார்க்கட்டும்.